ரீசெட் கோடைச் சுருக்கும்போது வரப்பையும் சேர்த்து உழுதுவிடாதீர்கள்

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சில தம்பிகளோடு உட்கார்ந்து கியூஎமு (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப் பாவனையாக ஓட்டும் மென்பொருள்) சோர்ஸ் கோடு படிக்கிறோம். போன வாரம் ஒரு தம்பி, எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) சிபியுவின் ரீசெட் ஃபங்ஷனை, அதாவது சிபியுவைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் கோடைச் சுருக்கி எழுதிக் கொண்டுவந்தான். "எல்லாத்தையும் ஒரு மெம்செட் (மெமரியை ஒரே மதிப்பால் நிரப்புற கட்டளை) போட்டுப் பூஜ்யமாக்கிட்டா போதும்லா அண்ணாச்சி?"

போதாது. முதலில் செய்கிற தவறே இதுதான்.

அவன் வீட்டில் வயல் உண்டு என்பதால் அதை வைத்தே சொன்னேன். கார் அறுத்துப் பிசானத்துக்கு உழும்போது வயலை முழுக்க உழுகிறோம், வரப்பில் கை வைப்பதில்லை. சிபியுவின் நிலை முழுவதையும் வைத்திருக்கும் ஸ்ட்ரக்டிலும் நடுவில் ஒரு வரப்பு இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் ரெஜிஸ்டர்களை ரீசெட் அழிக்கும். கீழே இருப்பவை, உதாரணமாக இந்த சிபியுவுக்கு என்னென்ன வசதிகள் உண்டு என்ற சிபியுஐடி விவரங்கள், அப்படியே நிற்க வேண்டும். அதையும் அழித்தால் சிபியுவின் அடையாளமே போய்விடும். புது ஃபீல்டு ஒன்றை வரப்புக்குத் தப்பான பக்கம் வைத்தாலும் சிக்கல்தான்: அழிய வேண்டியது அழியாமல் அடுத்த பூட்டுக்கும் வந்துவிடும். முதல் பூட்டில் இது தெரியவே தெரியாது. அதனால் கெஸ்டை (கியூஎமுவுக்குள் ஓடும் இயங்குதளத்தை) ஒருமுறை எழுப்பிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். உள்ளிருந்தே ரீபூட் செய்து பாருங்கள், ஒருமுறைக்கு இரண்டு முறை.

அப்புறம், ரீசெட் என்றால் எல்லாம் பூஜ்யம் என்பதும் சரியில்லை. எக்ஸ்86 தன் முதல் கட்டளையை எடுப்பது 4 ஜிபிக்கு 16 பைட் கீழே இருந்து. ஈடிஎக்ஸ் ரெஜிஸ்டரில் சிபியுவின் குடும்பம், மாடல் எண்கள் இருக்கும். இஃப்ளாக்ஸ் ரெஜிஸ்டரில் பிட் 1 எப்போதும் 1. மெம்செட்டுக்குப் பின்னால் வரும் அந்த வரிகள் இதற்காகத்தான். தாராளமாக எடுக்கக்கூடியவை, மெம்செட் ஏற்கெனவே அழித்த ஃபீல்டுக்கு மறுபடியும் பூஜ்யம் வைக்கும் வரிகள் மட்டுமே.

இனிட் (சிபியுவை மட்டும் மறுபடி தொடங்கவைக்கும் சிக்னல்), ரீசெட் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். இனிட் சிக்னல் வரும்போது எஃப்பியு (தசம எண் கணக்குப் பகுதி) நிலையும் எம்டிஆர்ஆர்களும் (மெமரியை எப்படி கேஷ் செய்வது என்று சொல்லும் ரெஜிஸ்டர்கள்) மாறக் கூடாது.

பெற்றோர் கிளாஸின் (எல்லா வகை சிபியுவுக்கும் பொதுவான அடிப்படைக் கோடின்) ரீசெட்டை முதலில் கூப்பிட மறக்காதீர்கள். நிலுவையில் இருக்கும் இன்டரப்டை அழிப்பது அதன் வேலை.

"ரியலைஸிலும் சிபியு ரீசெட், போர்டு கோடிலும் (முழு மெஷினையும் அமைக்கும் கோடு) சிபியு ரீசெட், ஒன்றை எடுத்துவிடலாமே" என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ரியலைஸில் இருப்பது சிபியு உருவாகும்போது ஒருமுறை ஓடுவது. சிபியு எந்த பஸ்ஸிலும் (சாதனங்களை இணைக்கும் பாதை) தொங்காததால் மெஷின் ரீசெட் தானாக அதை எட்டாது. அதனால் போர்டே ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்து வைக்கிறது. ஆர்ம் போர்டுகளில் கெர்னலை நேரடியாக ஏற்றும்போது, சிபியுவை ரீசெட் செய்த கையோடு பிசியை (அடுத்த கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் ரெஜிஸ்டரை) கெர்னலை எழுப்பும் தொடக்க முகவரிக்கு மாற்றுவதும் அந்த ஃபங்ஷன்தான். அதை எடுத்தால் கெர்னல் எழும்பாது.

கார்டெக்ஸ்-எம் (ஆர்மின் சிறிய மைக்ரோகன்ட்ரோலர் சிபியு) பக்கம் போனால் இன்னும் நிதானம் வேண்டும். அது ரீசெட்டில் வெக்டர் டேபிளின் (தொடக்க முகவரிகளின் பட்டியல்) முதல் சொல்லை ஸ்டாக் பாயின்டராகவும், 4 பைட் தள்ளி இருப்பதைத் தொடக்க முகவரியாகவும் எடுக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் ரோம் இமேஜ் (கியூஎமு ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர்) மெமரிக்கு இன்னும் வந்து சேராமல் இருக்கலாம். அதனால்தான் அந்தக் கோடு முதலில் ரோம் இமேஜிலேயே தேடுகிறது, அங்கே இல்லாவிட்டால்தான் மெமரியைப் படிக்கிறது. தம்பி அந்த இரண்டு கிளைகளையும் ஒன்றாக்கி வைத்திருந்தான். பழையபடி பிரித்து வைத்து, ஏன் பிரிந்திருக்கிறது என்று மேலே தமிழிலேயே ஒரு குறிப்பும் தன் நோட்டில் எழுதிக்கொண்டான்.