பார்சல் போடப் போனால் ‘கிலோ எவ்வளவு?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

மதுரையில் வீட்டில் இருந்தபடியே அப்பளம், வடகம், சுங்குடிச் சேலை என்று எதையாவது வெளியூருக்கு அனுப்பி வியாபாரம் பார்ப்பவர்கள், கூரியர் ஆபீஸில் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி "கிலோ எவ்வளவு?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். பட்ட பாடு எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

கூரியர்காரர்கள் தராசு எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, பெட்டி அடைக்கிற இடத்துக்கும் ஒரு எடை வைத்திருக்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, பல கம்பெனிகளில் 5000ஆல் வகுப்பார்கள். அதில் வருகிற எண், தராசு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். கூழ் வடகத்தை 40க்கு 30க்கு 30 அட்டைப் பெட்டியில் நிரப்பினால் தராசில் மூன்று கிலோ காட்டலாம், ஆனால் இந்தக் கணக்கில் அது 7.2 கிலோ! வகுக்கிற எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண் குறையக் குறைய பில் ஏறும், அதனால் அதைக் கேட்காமல் ரேட்டை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. சேலைக்கு இந்தத் தொல்லை குறைவு. மடித்துக் கவரில் இறுக்கிப் போட்டால் போதும், அதற்குப் பெரிய பெட்டி தேடுவதுதான் தப்பு.

அடுத்தது, தொலைந்தால் என்ன தருவார்கள் என்று கேட்காமல் வருவது. நான் அனுப்பிய நாலு சேலை ஒருமுறை வழியிலேயே காணாமல் போனது. ஒரு வாரம் அலைந்த பிறகு ரசீதைத் திருப்பிக் காட்டினார்கள், பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ‘பொறுப்பு நூறு ரூபாய் வரை’ என்று இருந்தது. ஸ்பீட் போஸ்ட்டிலும் தொலைந்தால் கட்டிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஆக, விலை கூடிய பொருளுக்கு இன்சூரன்ஸ் போட்டே ஆக வேண்டும். அதில் நாற்பது ஐம்பது மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்து எழுதினால், எழுதிய மதிப்புக்கு மேல் கேட்க வாய் இருக்காது.

போய்ச் சேர வேண்டிய ஊரையும் பாருங்கள். கோயம்புத்தூர் டவுனுக்குள் என்றால் எந்தக் கூரியரும் சரி. உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிற கிராமம் மாதிரி என்றால், பல தனியார் கூரியர்கள் பக்கத்து டவுன் வரை கொண்டுபோய் வைத்துவிட்டு, "வந்து வாங்கிக்கோங்க" என்று போன் போடுவார்கள். வீட்டு வாசல் வரை வருமா என்று பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். அந்த மாதிரி ஊர்களுக்கு என்னைக் கேட்டால் தபால்காரர்தான்.

மூட்டை கனமாக இருந்தால் லாரி பார்சல்தான் மலிவு. ஆனால் வீட்டுக்கே வருகிற டோர் டெலிவரியா, அவர்கள் குடோனுக்குப் போய் எடுக்க வேண்டிய குடோன் டெலிவரியா என்று, லாரி ஆபீஸில் தருகிற எல்.ஆர். ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ‘டு பே’ போட்டால் லாரி வாடகை, சரக்கை வாங்குபவர் தலையில் விழும். அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் சரக்கு திரும்பி வரும், கூடவே சண்டையும் வரும். சித்திரைத் திருவிழா சமயத்தில், குறிப்பாகத் தேரோட்டத்தன்று, தேர் சுற்றி வருகிற மாசி வீதிகள் பக்கம் மூட்டையோடு போக நினைக்கவே வேண்டாம்.

மல்லிகைப்பூவைக் கூரியரில் போட ஆசைப்படுபவர்களும் இருக்கிறார்கள். ராத்திரி கிளம்பி விடிய இறங்குகிற பஸ் பார்சல்தான் அதற்குச் சரி. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், வண்டி நம்பர், டிரைவர் போன் நம்பர் இரண்டும் வாங்குபவர் கையில் இருக்க வேண்டும், அவர் அந்த நேரத்துக்கு ஸ்டாப்பில் நிற்கவும் வேண்டும். ஊறுகாய் மாதிரி எண்ணெய்ச் சரக்கைப் பல கூரியர்கள் வாங்க மாட்டார்கள். மறைத்து அனுப்பி அது ஒழுகினால், பக்கத்துப் பெட்டிக்காரருக்கும் சேர்த்து நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒன்று, நான் இப்போது பெட்டி தராசில் இருக்கும்போதே, எடை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துவிடுகிறேன். கவுன்டர் பையன் ஒருமாதிரி பார்ப்பான். பார்க்கட்டும்.