பழைய காருக்கு அலாரம்: எதை நாமே மாட்டலாம், எதைக் கடைக்கு விடலாம்

இரண்டு வருடம் முன்பு, வண்டலூர் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் போய்க்கொண்டிருந்தபோது என் ஆல்டோ சட்டென்று நின்றுவிட்டது. இரவு பத்து மணி, பின்னால் லாரி. பெட்ரோல் இருந்தது. செல்ஃப் நன்றாகச் சுற்றியது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. மறுநாள் டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கார் வாங்கிய புதிதில் ஒரு கடையில் அலாரம் மாட்டியிருந்தேன். அவர்கள் இக்னிஷன் வயரை வெட்டி, இன்ஜின் கட் ரிலேவை (அலாரம் சொன்னால் இன்ஜினுக்கான மின்சாரத்தை வெட்டும் ஸ்விட்ச்) நடுவில் கொடுத்து, முனைகளைக் கையால் முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தார்கள். ஆறு கோடையில் டேப்பின் பசை உருகி, பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. விரல் பட்டதும் பிரிந்து வந்துவிட்டது.

பழையதை எல்லாம் பிடுங்கிவிட்டு, புது அலாரம் ஒன்றை நானே மாட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை. நல்ல அலாரம் எது என்று பலரும் கேட்கிறீர்கள். பெட்டி எதுவாக இருந்தாலும், அதைக் காரோடு இணைக்கும் பத்துப் பன்னிரண்டு ஜாயின்ட்தான் அது எத்தனை வருடம் உழைக்கும் என்பதை முடிவு செய்கிறது. அதனால் இந்தப் பதிவில் அதைப் பற்றியே அதிகம் இருக்கும்.

எந்தக் காரில் கை வைக்கலாம்

என்னுடையது 2009 மாடல். சாவி போட்டுத் திருப்பும் கார், எளிய வயரிங். இப்படிப்பட்ட கார் என்றால் தைரியமாக இறங்கலாம். பட்டன் ஸ்டார்ட் உள்ள கார், கதவு, விளக்கு எல்லாம் கம்ப்யூட்டர் வழியாக வேலை செய்யும் கார், வாரன்டி முடியாத கார், இந்த மூன்றிலும் வயரைச் சீவாதீர்கள். அங்கே ஒரே ஜோடி மெல்லிய வயரில் பல யூனிட்டுகள் தகவல் பேசிக்கொள்கின்றன. தெரியாமல் ஒன்றைத் தட்டினால் மீட்டர் போர்டு முழுக்க எச்சரிக்கை விளக்கு எரியும். வாரன்டியில் போய் நின்றாலும், வெட்டிய வயரைக் காட்டிக் கைவிரித்துவிடுவார்கள். அந்தக் கார்களுக்கு வயரை வெட்டாமல் கப்ளரோடு கப்ளர் (வயர் முனையில் உள்ள பிளக்) சேரும் கிட் கிடைக்கும். அதையும் அந்த மாடலில் பழகிய ஆள் மாட்டுவதே நல்லது.

சாவியிலேயே சிப் உள்ள கார் என்றால் (மாருதியில் இதற்கு ஐகேட்ஸ் என்று பெயர்) இன்ஜின் கட் தனியாகத் தேவையே இல்லை. சிப் இல்லாத சாவியால் இன்ஜின் ஓடாது. சைரனும், காரைத் தட்டினால் அதிர்வை உணரும் ஷாக் சென்சாரும் மட்டும் போதும்.

வாங்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் கட்டாயம். பல்பு வைத்த டெஸ்டரை நான் காருக்குள் பயன்படுத்துவதே இல்லை. அது இழுக்கும் கரன்ட் மென்மையான சர்க்யூட்டுகளுக்கு ஆகாது. சால்டரிங் அயர்ன், நல்ல ஈயம், 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது) நாலு, ஃபியூஸ் ஹோல்டர், 15 ஆம்பியர் ஃபியூஸ், ஜிப் டை ஒரு கட்டு. எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். டேப் மட்டும் சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டாம். கம்பெனி வயரிங்கின் மேல் துணி மாதிரி ஒரு கறுப்பு டேப் சுற்றியிருக்கும் பாருங்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். சென்னை வெயிலில் அதுதான் நிற்கிறது.

வயரை வெட்டாமலே கடித்துப் பிடிக்கும் நீல நிற பிளாஸ்டிக் கிளிப் விற்பார்கள். வாங்காதீர்கள். அது செம்பு இழைகளில் சிலவற்றை அறுத்துவிடக்கூடும். மீதி இழைகளை உப்புக்காற்று பார்த்துக்கொள்ளும்.

அலாரம் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ரிமோட் ரோலிங் கோடா? மலிவான ரிமோட்டுகள் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரே கோடைத்தான் அனுப்பும். பக்கத்தில் நிற்பவன் அதைப் பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பினால் கதவு திறந்துவிடும். ரோலிங் கோடில் ஒவ்வொரு தடவையும் கோடு மாறும். கொஞ்சம் விலை கூடினாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

படி 1: பேட்டரி, மெயின் சப்ளை

மைனஸ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். வோல்டேஜ் பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளலாம். மஞ்சள் நிற ஸ்லீவோ கப்ளரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக். அந்தப் பக்கம் மீட்டர் முனைகூடப் போகக் கூடாது.

சாவித் துளைக்குப் பின்னால் வரும் தடித்த வயர்களில் சாவியை எடுத்த பிறகும் 12 வோல்ட் காட்டுவதுதான் மெயின். அதிலிருந்து அலாரத்துக்கு வயர் எடுத்த இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வர வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் உரசினால் எரிவதைத் தடுக்க எதுவும் இல்லை, அதனால்தான்.

படி 2: இக்னிஷன் வயர்

சாவியை ஆன் செய்தால் இரண்டு மூன்று வயரில் 12 வோல்ட் வரும். ஒருவரை உட்கார வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது பூஜ்யத்துக்கு விழுவது ஆக்சஸரி வயர், மியூசிக் சிஸ்டம் போன்றவற்றுக்குப் போவது. பத்து வோல்ட் பக்கம் இறங்கினாலும் விழாமல் நிற்பதுதான் உண்மையான இக்னிஷன். அலாரத்துக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும்.

படி 3: கதவு ஸ்விட்ச் (இங்கேதான் நான் ஒரு மதியம் முழுக்கச் சிக்கிக்கொண்டேன்)

கதவு திறந்தால் உள்விளக்கு எரிகிறது அல்லவா, அந்த வயரை அலாரத்தின் டோர் வயரோடு சேர்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் கதவு ஓரத்தில் உள்ள, கதவு மூடினால் அமுங்கும் 'பின்' (pin) ஸ்விட்ச், கதவு திறந்ததும் வயரை பாடி எர்த்தில் சேர்க்கும். அதனால் கதவு மூடியிருக்கும்போது பல்பு வழியாக வந்து 12 வோல்ட் காட்டும், திறந்தால் பூஜ்யம் ஆகும் என்று படித்திருந்தேன். ஸ்விட்சைக் கழற்றி வெளியே இழுத்து மீட்டரை வைத்தேன். மூடினால் பூஜ்யம், திறந்தாலும் பூஜ்யம். வயர் உள்ளே அறுந்திருக்கிறது என்று நினைத்து, ஓரத்து பீடிங்கைக் கிளப்பி, கார்ப்பெட்டைத் தூக்கி, பின் சீட்டு வரை தேடிப் போய்விட்டேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

வயரில் ஒரு கோளாறும் இல்லை. நான் உள்விளக்கின் ஸ்விட்சை எப்போதும் 'ஆஃப்'பில் வைத்திருப்பவன். ஆஃப்பில் இருந்தால் பல்புக்கும் அந்த வயருக்கும் தொடர்பு அறுந்துவிடும். பிறகு 12 வோல்ட் எங்கிருந்து வரும்? நடுவில் உள்ள 'டோர்' நிலைக்குத் தள்ளியதும் மீட்டரில் 12 என்று வந்து நின்றது.

இதைவிட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையைக் கதவு வயரிலும் வையுங்கள். கதவைத் திறந்தால் 12 காட்ட வேண்டும், மூடினால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். உள்விளக்கு எந்த நிலையில் இருந்தாலும் இது ஏமாற்றாது.

கதவுகளின் வயர்கள் உள்ளே ஒன்றாகச் சேராமல் தனித்தனியாக வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டயோடு போடுங்கள். டயோடின் வெள்ளிக்கோடு உள்ள முனை கதவு ஸ்விட்ச் பக்கம், மறுமுனை அலாரம் பக்கம். திருப்பிப் போட்டால் அலாரத்துக்குக் கதவு திறந்ததே தெரியாது. பின்கதவுக்கு ஸ்விட்சே இல்லாத கார்களும் உண்டு. அங்கே இதே மாதிரி 'பின்' (pin) ஸ்விட்ச் ஒன்றைப் புதிதாக வைத்தாக வேண்டும்.

கதவு மூடிய பிறகும் உள்விளக்கு மெதுவாக மங்கி அணையும் கார் என்றால், அது முழுக்க அணையும்வரை அலாரம் 'கதவு திறந்திருக்கிறது' என்றே நினைக்கும். விளக்கு வயரை விட்டுவிட்டு நேரே ஸ்விட்சிலிருந்தே எடுங்கள்.

படி 4: இண்டிகேட்டர்

அலாரத்திலிருந்து ஒரே நிறத்தில் இரண்டு வயர் வரும். ஒன்று இடது இண்டிகேட்டருக்கு, ஒன்று வலதுக்கு. ஒரே நிறம்தானே என்று இரண்டையும் முறுக்கி ஒரே வயரில் கொடுக்காதீர்கள். ஒரு பக்கம்தான் மின்னும்.

படி 5: ஜாயின்ட் போடும் முறை

காரின் வயரை வெட்ட வேண்டாம். மேல் உறையை மட்டும் ஒரு விரல்கடை நீளத்துக்குச் சீவுங்கள். இழைகளை நடுவில் பிரித்தால் ஊசிக்காது போல ஒரு ஓட்டை கிடைக்கும். அலாரம் வயரை அதில் கோத்து, இரண்டு பக்கமும் சுற்றி, அயர்னை வயரின் கீழே வைத்து மேலிருந்து ஈயத்தைக் கொடுங்கள். ஈயம் இழைகளுக்குள் தானாக இறங்கிப் பளபளவென்று பரவ வேண்டும். மேலே உருண்டையாக நின்றால் சூடு போதவில்லை. வெட்டாத வயரில் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) நுழைக்க முடியாது, அதனால் துணி டேப்பை மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி, இரு முனையிலும் ஜிப் டை போடுங்கள். அப்புறம் அந்த வயரைப் பக்கத்து வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். கார் குலுங்கும்போது ஜாயின்ட் ஆடக் கூடாது, அது முக்கியம்.

எர்த் வயருக்குப் பெயின்ட் சுரண்டிய பாடி போல்ட்டுதான் வேண்டும். டாஷ்போர்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூ போதாது.

படி 6: சைரனும் ஷாக் சென்சாரும்

சைரன் போனட்டுக்குள், இன்ஜினின் எக்ஸாஸ்ட் சூடு படாத பக்கம், வாய் கீழ்நோக்கி. மேல்நோக்கி வைத்தால் முதல் மழையிலேயே தண்ணீர் தேங்கிவிடும். வயரை உள்ளே கொண்டுவர ஏற்கெனவே உள்ள ரப்பர் குரோமெட்டில் (வயர் நுழையும் ஓட்டையில் உள்ள ரப்பர் அடைப்பு) சின்னதாக ஓட்டை போட்டு, பழைய குடைக்கம்பியில் வயரைக் கட்டி இழுத்தேன். குரோமெட்டுக்குள் நுழையும் முன்பு வயரைக் கீழே ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். வயரில் வழியும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது.

ஷாக் சென்சார் இரும்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். நான் ஸ்டியரிங் கம்பத்தின் பிராக்கெட்டில் கட்டியிருக்கிறேன். குறைந்த உணர்திறனில் ஆரம்பித்து, கண்ணாடியில் கைமுஷ்டியின் பக்கவாட்டால் குத்தினால் கத்தும் அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். பஸ் போனாலே கத்தும் அளவுக்கு வைத்தால் தெருவில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தீபாவளி இரவில் எங்கள் தெருவில் ஏழெட்டுக் கார்கள் விடிய விடிய அலறின, ஒருவரும் ஜன்னலைத் திறக்கவில்லை. அந்த நிலை வந்தால் அலாரம் இருந்தும் இல்லாததுதான்.

ரிமோட் பேட்டரி செத்தால் அலாரத்தை நிறுத்த ஒரு மறைவான பட்டன் கிட்டிலேயே வரும். அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்கும் காட்டி, ஒரு தடவை அழுத்தவும் வையுங்கள்.

இன்ஜின் கட்: இதைக் கடைக்கு விடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்

என் கருத்தில் மாற்றமே இல்லை. இக்னிஷனையோ பெட்ரோல் பம்பையோ வெட்டும் ரிலே, ஓடும் காரை நடுரோட்டில் நிறுத்த வல்லது. எனக்கு நிறுத்தியது. கட் வேண்டும் என்றால் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் சிக்னல் வயரில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள், ரிலேயின் 30, 87ஏ முனைகளில் (ரிலேக்கு மின்சாரம் வராதபோது சேர்ந்தே இருப்பவை). அலாரம் செத்தாலும் அந்த வழி திறந்தே இருக்கும், கார் ஸ்டார்ட் ஆகும். திருடன் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம்தான். அதற்குத்தான் ஸ்டியரிங் லாக் இருக்கிறது. நான் கூடவே ஒரு கியர் லாக்கும் போட்டிருக்கிறேன்.

கடைக்குப் போகிறவர்கள் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வரிசையாகக் கேட்டுப் பார்க்கலாம். விலையைக் கேட்கும் முன்பு மூன்று விஷயம் கேளுங்கள்: ஈயம் வைப்பீர்களா, ஃபியூஸ் எங்கே வரும், இன்ஜின் கட் எந்த வயரில்? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் காரை விடாதீர்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஜாயின்ட்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் தள்ளுபடியை நம்பி நீங்களே மாட்டாதீர்கள். ஏஆர்ஏஐ (புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சி அமைப்பு) ஒப்புதல் பெற்ற கருவியாக இருந்து, பொருத்தியதற்கு ஆட்டோமொபைல் அசோசியேஷன் சான்றும் இருந்தால்தான் சொந்த சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் குறையும்.

பின்சேர்க்கை 1

ஒரு வாசகர், அலாரம் மாட்டியதிலிருந்து ஒரு வாரம் கார் நின்றால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தார். பேட்டரி மைனஸ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வையுங்கள். கதவுகளை மூடி, சில நிமிடம் காத்திருந்து பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அவருக்கு 100 தாண்டியிருந்தது. 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் அது ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட பாதியைத் தின்றுவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்ததில் மியூசிக் சிஸ்டம்தான் குற்றவாளி. அலாரம் மாட்டும்போது மியூசிக் சிஸ்டத்தின் ஆக்சஸரி வயரை மெயினில் சேர்த்திருந்தார். மீட்டர் இந்த நிலையில் இருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

பின்சேர்க்கை 2

ரிமோட் இரண்டடி தூரத்தில்தான் வேலை செய்கிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பெட்டியிலிருந்து தனியாக, கப்ளரில் சேராமல், மெல்லிய கறுப்பு வயர் ஒன்று தொங்கும். கறுப்பாக இருப்பதால் எர்த் என்று நினைத்து பாடியில் முறுக்கிவிடுகிறார்கள். அது ஆன்டெனா. அதை எதிலும் சேர்க்காமல், சுருட்டாமல், இரும்பிலிருந்து விலக்கி டாஷ்போர்டின் பிளாஸ்டிக் ஓரமாக நீட்டி ஒட்டிவிடுங்கள். மூவரில் இருவர் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றாமவருக்கு ரிமோட்டின் 12 வோல்ட் பேட்டரிதான் தீர்ந்திருந்தது.