பட்டறை பில் தகராறு: சாவியைக் கொடுக்கும்போதே செய்துவிடும் தவறுகள்

"அண்ணே, கொஞ்சம் பார்த்துச் செய்ங்க."

செந்தூலிலும் செகாம்புட்டிலும் ஜெலுத்தோங்கிலும் பிறையிலும் காரைப் பட்டறையில் விடுகிற நம்மவர்கள் பலர் சொல்வது இந்த ஒரு வாக்கியம்தான். மூன்று நாள் கழித்து 1,850 ரிங்கிட்டுக்குப் பில் வரும்போது, அதற்கு என்ன பொருள் என்பதில் சண்டை தொடங்குகிறது. நீங்கள் நினைத்தது, "பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்". போமன் (பட்டறை மெக்கானிக்) எடுத்துக்கொண்டது, "எது தேவையோ செய்துவிடுங்கள்". இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாததால், காரை வைத்திருப்பவர் கை ஓங்கிவிடுகிறது.

சட்டம் நம் பக்கம் வலுவாகவே இருக்கிறது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 53 முதல் 56 வரையிலான பிரிவுகளில் சேவை வழங்குபவருக்கு நான்கு கடமைகளை வைக்கிறது: நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும், வாடிக்கையாளர் தெரிவித்த நோக்கம் நிறைவேற வேண்டும், நாள் குறிக்காவிட்டால் நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும், விலை பேசாவிட்டால் நியாயமான விலைக்கு மேல் வாங்கக் கூடாது. "விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படாது", "எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று சுவரில் ஒட்டி இந்தக் கடமைகளிலிருந்து யாரும் தப்ப முடியாது. இத்தனை இருந்தும் வாடிக்கையாளர்கள் தோற்கிறார்கள். கையில் ஆதாரம் இல்லாததே காரணம். அந்த ஆதாரம் உருவாக வேண்டிய நேரம் சாவி கைமாறும் ஐந்து நிமிடம்.

நோயைச் சொல்லாமல் மருந்தைக் கேட்பது

எல்லாத் தவறுகளிலும் அதிகப் பணம் தின்பது இதுதான். முன்பக்கம் "டக் டக்" என்று சத்தம். மாமா ஒருவர், "அப்சார்பர் போயிருக்கும்" என்கிறார். பட்டறைக்குப் போய், "முன் அப்சார்பர் ரெண்டையும் மாத்துங்க" என்கிறோம். மாற்றுகிறார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. அது ஸ்டெபிலைசர் லிங்கிலிருந்து வந்திருக்கலாம், லோவர் ஆர்ம் புஷ்ஷிலிருந்தோ அப்சார்பர் மவுண்டிலிருந்தோ வந்திருக்கலாம். நீங்கள் கேட்டது அப்சார்பர், அவர்கள் போட்டதும் அப்சார்பர். இனி எந்த முகத்தோடு பணத்தைத் திருப்பிக் கேட்பது?

அறிகுறியைச் சொல்லுங்கள்: "30 கிலோமீட்டர் வேகத்தில் பம்ப் ஏறி இறங்கும்போது இடது முன்பக்கம் சத்தம் வருகிறது. நேர்ச்சாலையில் இல்லை. ஸ்டேரிங்கை முழுக்கத் திருப்பினாலும் இல்லை. இந்தச் சத்தம் நிற்க வேண்டும்." கடைசி வாக்கியம் மிக முக்கியம். மேலே சொன்ன 54ஆம் பிரிவு கேட்கும் "தெரிவித்த நோக்கம்" அதுதான். முடிந்தால் போமனைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே பம்பில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். பிறகு அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பிவிடுங்கள்.

கார் சூடேறும் பிரச்சினையில் இதே தவறு தவணை முறையில் நடக்கிறது. முதல் தடவை ரேடியேட்டர் மூடியும் கூலண்டும். இரண்டு வாரத்தில் தெர்மோஸ்டாட். அடுத்து வாட்டர் பம்ப். கடைசியில் "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது" (எஞ்சினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) என்கிறார்கள். ஒவ்வொரு பில்லும் சிறியதாக இருப்பதால் வாய் திறப்பதில்லை; கூட்டிப் பார்த்தால் வயிறு எரிகிறது. சாமான் மாற்றுவதற்கு முன் இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தம்வரை ஏற்றி, கால் மணி நேரம் முள்ளைக் கவனிப்பது. முள் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. வெளியே ஈரம் தெரியாமல் முள் இறங்கினால் இரண்டாவது சோதனை: கூலண்டில் எஞ்சினுக்குள் எரிந்து வரும் புகை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவம். அது மஞ்சளானால் ஹெட் பக்கம் கோளாறு. இந்தச் சோதனைகளுக்குக் கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அந்தப் பணம் வீண்போகாது.

ஹெட் கேஸ்கெட் வேலைக்கே போனால் இன்னொரு கேள்வியும் உண்டு. சூடேறிய எஞ்சினில் ஹெட் வளைந்திருக்கக்கூடும். நேர்கோல் வைத்து அளந்து, தேவையானால் லேத் கடைக்கு அனுப்பிச் சமன் செய்யாமல் புதுக் கேஸ்கெட்டை மட்டும் வைத்தால், சில மாதத்தில் அதே இடத்தில் திரும்பவும் போகும். "ஹெட் ஸ்கிம் பண்ணீங்களா, லேத் கடை ரசீது இருக்கா?" என்று கேட்டு அதையும் வாங்கி வையுங்கள். பில்லில் "ஸ்கிம்" என்று எழுதிப் பணம் வாங்கியிருந்து ரசீது மட்டும் இல்லையென்றால், அதுவே கவனிக்க வேண்டிய விஷயம்.

வாய்க்கணக்கும் வரம்பில்லாத அனுமதியும்

"ஒரு ஆறுநூறு, எழுநூறு ஆகும்" என்பது மதிப்பீடு ஆகாது. பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்பதற்கென்றே இந்நாட்டில் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. எழுத்தில் மதிப்பீடு கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது. அதில் சாமானின் பெயர், எத்தனை, எந்த பிராண்ட், புதியதா பழையதா, சாமான் விலை தனியாக, கூலி தனியாக, முடியும் நாள் எல்லாம் இருக்க வேண்டும். தவ்கேக்கு (கடை முதலாளிக்கு) எழுத நேரமில்லையென்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்களே வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பி, "ஓகே" வாங்கிக்கொள்ளுங்கள்.

கூடவே வரம்பு ஒன்று வையுங்கள்: "மொத்தம் 700 ரிங்கிட். கூடுதல் வேலை வந்தால் முதலில் படமும் விலையும் அனுப்புங்கள். நான் சரி என்று எழுதிய பிறகே செய்யுங்கள்." இங்கே பட்டறைக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். கழற்றிப் பார்க்காமல் தெரியாத கோளாறுகள் உண்மையிலேயே உண்டு. துருப்பிடித்த போல்ட் உடையும், பிரேக் பேடைக் கழற்றினால் டிஸ்க் தேய்ந்திருக்கும். விலை கூடுவதே ஏமாற்று என்று பாய்வது நியாயமில்லை. உங்களைக் கேட்காமல் கூடினால் கேள்வி கேட்கலாம். அதற்காக நீங்களும் போனை எடுக்க வேண்டும். லிப்டில் ஏற்றிய காரோடு பாதி நாள் உங்கள் பதிலுக்காக நின்ற பட்டறை எரிச்சலில் ஒரு முடிவெடுத்துவிட்டால், குற்றம் பாதி உங்களுடையது.

வரியையும் பாருங்கள். வாகனப் பழுதுபார்ப்புக்குச் சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. அதைச் சுங்கத்துறையில் பதிவு பெற்ற பட்டறை மட்டுமே வாங்கலாம். பில்லில் பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லாமல் "எஸ்எஸ்டி" (விற்பனை, சேவை வரி) என்று பில்லில் எழுதியிருந்தால் விளக்கம் கேளுங்கள்.

"ஒரி" என்ற ஒரு சொல்

"ஒரி போட்டிருக்கேன்" என்றால் என்ன? கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் சாமானா? அதே தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் விற்பதா? ஹாஃப்கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய காரிலிருந்து) கழற்றிய, "ஒருகாலத்தில் ஒரிஜினலாக" இருந்த பழைய சாமானா? மூன்றையும் பட்டறையில் "ஒரி" என்றே சொல்வார்கள். நம் ஊரில் ஹாஃப்கட் சாமான் தரமானதாகவும் கிடைக்கிறது, அதில் தவறில்லை. பழையதைப் போட்டுப் புதியதற்கு விலை வாங்கினால்தான் தவறு. பெட்டியையும் அதிலுள்ள சாமான் எண்ணையும் பொருத்துவதற்கு முன்பே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் காரைப் பற்றி இரண்டு மூன்று விஷயங்கள் தெரிந்திருந்தால் பாதித் தொல்லை இல்லை. பெரோடுவா மைவி காரில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆகவே மைவி பில்லில் "டைமிங் பெல்ட்" வந்தால் அந்த வரி தப்பு. கேம்ப்ரோ எஞ்சின் போட்ட பழைய புரோட்டோன் சாகா காரில் பெல்ட் உண்டு, அதைக் காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். 4 லிட்டர் எண்ணெய் டின்னுக்குக் காசு கொடுத்திருந்து, உங்கள் எஞ்சினுக்கு 3 லிட்டருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும் என்றால், மீதி உங்களுடையது. கேட்டு வாங்குங்கள். சரியான அளவு காரின் கையேட்டில் இருக்கிறது.

பழைய சாமானை விட்டுவிட்டு வருவது

காரை விடும்போதே சொல்லிவிடுங்கள்: "பாராங் லாமா ஜாங்ஙான் புவாங், சாயா நாக் அம்பில்" (பழைய சாமானை வீசாதீர்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்). வேலை முடிந்த பிறகு கேட்டால், குப்பை லாரி வந்து போயிருக்கும். பழைய சாமான் கையில் இருந்தால் மாற்றினார்களா என்ற கேள்வி தீர்கிறது. மாற்ற வேண்டிய நிலையில் இருந்ததா என்பதை வேறொரு போமனிடம் காட்டலாம். விதிவிலக்கு உண்டு: பேட்டரி, ரீகண்டிஷன் ஆல்டர்நேட்டர், டிரைவ் ஷாஃப்ட், ஏர்கோன் கம்ப்ரசர் போன்றவற்றில் பழையதைத் திருப்பிக் கொடுப்பதாகக் கணக்கிட்டே விலை குறைத்திருப்பார்கள். அங்கே பழையதை எடுத்தால் கூடுதல் காசு கேட்பது முறைதான். அப்போது படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாவி கொடுக்கும் முன் காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். மைலேஜ், பெட்ரோல் முள், எரியும் எச்சரிக்கை விளக்குகள், கீறல்கள், காரின் பின்பெட்டியில் உள்ள ஸ்பேர் டயர். ஒரு நிமிடம் போதும்.

கவுண்டரில் கோபப்படுவது

பில் அதிகம் என்று பணம் கட்டாமல், ஸ்பேர் சாவியோடு இரவில் வந்து காரை எடுத்துப் போவது பெரிய தவறு. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, ஒரு பொருளில் உழைத்தவர் அதற்குரிய கூலி வரும்வரை அந்தப் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். திருட்டுத்தனமாக எடுத்தால் நியாயம் உங்களிடம் இருந்தாலும் போலீஸ் புகார் உங்கள்மேல் வரும்.

தகராறில்லாத வரிகளுக்கு மட்டும் பணம் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளவில்லை, கார் அவசரம் என்றால், முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, பில்லின் இரண்டு பிரதியிலும் இப்படி எழுதிக் கையெழுத்திடுங்கள்: "3ஆம், 5ஆம் வரிகளை ஏற்கவில்லை. கார் தேவைப்படுவதால் எதிர்ப்போடு கட்டுகிறேன்." எழுத விடாவிட்டால் பணம் கட்டும் முன்பு அதையே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ரொக்கம் வேண்டாம், டுயிட்நவ் (வங்கிவழி மின்னியல் கட்டணம்) மூலம் கட்டினால் தேதியும் பெயரும் தொகையும் பதிவாகும். ரசீதில் கடையின் பதிவுப் பெயரும் எண்ணும் இருக்கின்றனவா பாருங்கள். பலகையில் உள்ள பெயர் ஒன்றாகவும் எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையத்தில்) பதிந்த பெயர் வேறாகவும் இருப்பது சாதாரணம். தவறான பெயரில் வழக்குப் போட்டால் தீர்ப்பு வந்தாலும் வசூலிக்கத் தடுமாற வேண்டியிருக்கும்.

ஃபேஸ்புக்கில் கடையின் படத்தைப் போட்டு "திருடன்" என்று எழுதும் ஆசையையும் அடக்குங்கள். அவதூறு வழக்கு வந்தால் 800 ரிங்கிட் தகராறு எங்கேயோ போய்விடும்.

உடனே வேறு பட்டறைக்கு ஓடுவது

சரியாகச் செய்யவில்லை என்ற வெறுப்பில் மறுநாளே இன்னொரு பட்டறையில் பிரித்துவிட்டால், முதல் பட்டறை, "எங்களிடம் கொண்டுவந்திருந்தால் சரிசெய்திருப்போம். இப்போது அடுத்தவன் கை வைத்துவிட்டான்" என்று சொல்லும். அந்த வாதத்துக்கு வலு உண்டு. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, சரிசெய்யக்கூடிய குறையை முதலில் செய்தவரிடமே சரிசெய்யச் சொல்லும்படி வைக்கிறது. அவர் மறுத்தால், அல்லது நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், வேறு இடத்தில் செய்து அந்தச் செலவை அவரிடம் கேட்கலாம்.

ஆகவே எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தேதியில் என்ன வேலை, எவ்வளவு கட்டினீர்கள், இப்போது என்ன குறை, 7 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று. பதில் இல்லையென்றால் இரண்டாவது பட்டறைக்குப் போகலாம். அங்கே பிரிப்பதற்கு முன்னும் பின்னும் படம், என்ன தவறு என்று அவர்கள் தாளில் முத்திரையோடு நான்கு வரி, பழுதான சாமான், வரிவரியான பில் இவை எல்லாம் வேண்டும். பிரேக், ஸ்டேரிங் கோளாறு என்றால் மட்டும் ஓட்டிப் போகாதீர்கள். இழுவண்டியில் அனுப்பி அந்த ரசீதையும் வையுங்கள்.

விலைதான் தகராறு என்றால், அதே மாடல், அதே ஆண்டு, அதே தரச் சாமானுக்கு வேறு இரண்டு பட்டறைகளின் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். "எல்லா இடத்திலும் குறைவு" என்ற பேச்சு எங்கும் எடுபடாது.

எங்கே போவது

பினாங்கில் இருப்பவர்கள் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியிலுள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அங்கே தமிழிலேயே பேசலாம். விலை ஏமாற்று என்றால் உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் செய்யலாம். ஆனால் பணம் திரும்ப வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் பயனீட்டாளர் தீர்ப்பாயம், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. பாரம் 1 என்ற படிவத்தை நிரப்பி 5 ரிங்கிட் கட்டினால் போதும். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். சம்பவம் நடந்து 3 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை, ஆகவே எதிர்ப்பக்கம் பெரிய நிறுவனம் என்றாலும் பயப்பட வேண்டாம்.

கோரிக்கையை ஊதிப் பெரிதாக்காதீர்கள். கட்டிய தொகை, இரண்டாவது பட்டறைச் செலவு, இழுவண்டி, வேலைக்குப் போன கிராப் கட்டணம் என்று ரசீதுள்ளவற்றை மட்டும் கூட்டுங்கள். "மன உளைச்சலுக்கு 20,000" என்று சேர்த்தால் மற்றக் கணக்கின்மேலும் நம்பிக்கை குறையும். விசாரணை நாளில் கட்டாயம் போங்கள். நீங்கள் வராவிட்டால் கோரிக்கை தள்ளுபடி ஆகலாம், பட்டறை வராவிட்டால் அவர்கள் இல்லாமலே உங்களுக்குத் தீர்ப்பு கிடைக்கலாம். வாட்ஸ்அப் உரையாடலைத் தேதி தெரியும்படி அச்சடித்து வரிசைப்படுத்துங்கள்; போனை நீட்டிக் காட்டுவது போதாது. தீர்ப்பான பிறகு 14 நாளுக்குள் பட்டறை கட்டாவிட்டால் அது குற்றம். 15ஆம் நாளே தீர்ப்பின் நகலோடு தீர்ப்பாயத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.