சைல்ட் டெவலப்மென்ட் புக் வாங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

சைக்காலஜி, பி.எட், ஹோம் சயின்ஸ்னு எதுல சேந்தாலும் சீனியருங்க முதல்ல கைகாட்டுறது எலிசபெத் ஹர்லாக் எழுதுன புக்கைத்தான். மொழி ஈஸியா இருக்கும், பாயின்ட் பாயின்ட்டா எழுதிடலாம், அதெல்லாம் சரிதான். ஆனா ஹர்லாக்கோட 'டெவலப்மென்டல் சைக்காலஜி' கடைசி எடிஷன் 1980ல வந்தது. கடையில புது அட்டை போட்டு பளபளன்னு இருக்கும், ரீபிரின்ட் வருஷத்தைப் பாத்துட்டு புது புக்னு நம்பிடாதீங்க, உள்ள காப்பிரைட் வருஷம் என்னன்னு பாருங்க.

வருஷத்துல என்ன இருக்குன்னு கேப்பீங்க. ஒரு பொருளை மறைச்சாலும் அது அங்கதான் இருக்குன்னு குழந்தைக்குப் புரிய 8 மாசமாவது ஆகணும்னு சைக்காலஜிஸ்ட் பியாஜே சொன்னாரு. 1985ல ரெனே பெய்யர்ஜான்ங்கிற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 5 மாசக் குழந்தைங்க முன்னாடி ஒரு பெட்டியை வச்சு, ஒரு ஸ்கிரீனை மேல தூக்கி அதை மறைச்சு, பெட்டி இருந்த இடத்தையே ஸ்கிரீன் தாண்டிப் போற மாதிரி காட்டுனாங்க, குழந்தைங்க அதையே ரொம்ப நேரம் பாத்துச்சுங்க. அப்போ மறைஞ்ச பெட்டி அங்கதான் இருக்குன்னு 5 மாசத்துலயே புரியுதுன்னு அவங்க சொன்னாங்க. இந்த விவாதமே 1980 புக்ல இருக்க வாய்ப்பில்ல.

அடுத்து, ஆத்தர் பேரை மட்டும் பாத்து வாங்குறது. லாரா பெர்க்கோட 'சைல்ட் டெவலப்மென்ட்' டாபிக் வாரியா போகும், மொழி ஒரு சாப்டர், உணர்ச்சி ஒரு சாப்டர்னு. அவங்களோடதே 'இன்ஃபன்ட்ஸ், சில்ட்ரன் அண்ட் அடலசன்ட்ஸ்' வயசு வாரியா போகும். ரெண்டையும் வாங்கவேணாம், நிறைய விஷயம் ஒண்ணேதான். சிலபஸை எடுத்து பொருளடக்கம் பக்கத்துல வச்சுப் பாருங்க, எந்த வரிசை ஒத்துப்போகுதோ அதான் உங்க புக்கு. பேப்பர் குழந்தைப் பருவத்தோட முடியுதுன்னா லைஃப்ஸ்பேன் புக் வேணாம், வயசானவங்க வரைக்கும் போற சாப்டருக்கும் சேத்துக் காசு குடுக்கணும்.

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) கைடு அந்தத் தேர்வோட 30 மார்க் சைல்ட் டெவலப்மென்ட் பகுதிக்கு ஓகே, அசைன்மென்ட்டுக்கு ஆகாது.

வாங்குறதுக்கு முன்னாடி குழந்தை எப்போ நடக்கும்னு சொல்ற பக்கத்தைப் பிரிச்சுப் பாருங்க. 12 மாசம்னு ஒரே நம்பரைப் போட்டு முடிச்சிருந்தா கீழ வச்சுடுங்க. உலக சுகாதார நிறுவனமே தனியா நடக்குறதுக்கு 8.2ல இருந்து 17.6 மாசம் வரைக்கும்னு ஒரு ரேஞ்ச்தான் சொல்லுது. நாளைக்கு 15 மாசமாகியும் நடக்காத குழந்தையோட அம்மா உங்க முன்னாடி பயந்துபோய் உக்காந்திருப்பாங்க, அந்த ஒத்தை நம்பரை வச்சுக்கிட்டு அவங்களுக்கு என்ன பதில் சொல்வீங்க?

லேட்டஸ்ட் எடிஷனேதான் வேணும்னு கடன் வாங்காதீங்க, ஒண்ணு ரெண்டு எடிஷன் பழசா செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா தாராளமா வாங்கலாம்.