பேரிடர் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் யாரெல்லாம் விடுபட்டுப் போகிறார்கள்?

2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் அது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி பக்கம். ஆனால் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது ஊத்தங்கரையில். வறட்சிக்குப் பேர் போன பகுதியும் வெள்ளத்துக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

தயாராவது என்றதும் படகு, ஜேசிபி, மணல் மூட்டை என்று கணக்கு ஆரம்பிக்கிறது. யாரைக் காப்பாற்றப் போகிறோம் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஏராளம். கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. சித்தேரியிலும் வத்தல்மலையிலும் மலையாளி பழங்குடி மக்கள், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காட்டோரங்களில் இருளர்கள், சிட்லிங்கி பக்கம் லம்பாடிகள், பாம்பாறு அணை அருகே இலங்கைத் தமிழர் முகாம். அப்புறம் ஓசூர் சிப்காட்டைச் சுற்றி லைன் வீடுகளில் பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வந்த தொழிலாளர்கள். இத்தனை பேருக்கும் ஒரே அறிவிப்பு, ஒரே முகாம், ஒரே பொட்டலம் என்று திட்டம் போடுவதுதான் பெரிய தவறு. மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைப்பவை.

மைக்கில் சொன்னால் எல்லோருக்கும் கேட்டுவிடும் என்று நம்புவது

ஆட்டோவில் மைக் கட்டித் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறார்கள். சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கும் ஒடிசாக்காரருக்கு அது சத்தம், அவ்வளவுதான். இந்தியில் சொன்னால் போதும் என்பதும் பாதிதான் சரி. அதே ஊரிலிருந்து வந்து இங்கே சில வருடங்களாக இருப்பவரைப் பிடித்து, அவர் குரலிலேயே அரை நிமிடம் பதிவு செய்து, மேஸ்திரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினால் அது போய்ச் சேரும். தெரிந்த குரலை ஜனங்கள் நம்புவார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் செயலி பல இந்திய மொழிகளில் எச்சரிக்கை தருகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு அது உதவாது.

மொழி சரியாக இருந்தும் விஷயம் புரியாமல் போவதுண்டு. அணையிலிருந்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படுகிறது என்றால் ஒகேனக்கல் பரிசல்காரருக்கு ஆறு எப்படி இருக்கும் என்று தெரியும். தென்பெண்ணைக் கரையில் ஆடு மேய்ப்பவருக்கு அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? ‘ராத்திரிக்குள் இந்தத் தரைப்பாலம் மூழ்கிவிடும், ஆடுமாடுகளோடு மேட்டுக்குப் போய்விடுங்கள்’ என்று சொல்ல வேண்டும். ஆடுமாடு என்ற சொல் அதில் கட்டாயம் இருக்கணும். கால்நடைக்கு இடம் இல்லாத முகாமுக்குப் பல குடும்பங்கள் வரவே வராது. அதைப் பிடிவாதம் என்று எழுதிவைப்பது அநியாயம். அவர்களுடைய சேமிப்பு முழுக்க அந்தப் பட்டியில்தான் கட்டிக் கிடக்கிறது.

முகாம் எந்தத் தெருவில் என்று யோசிக்காதது

இதைப் பற்றித்தான் வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறோம். ஊருக்கு நடுவில் இருக்கும் மண்டபத்தை முகாம் ஆக்கினால் காலனி மக்கள் வாசலிலேயே நிற்க நேரிடும். காலனிப் பள்ளியை முகாம் ஆக்கினால் ஊர்த்தெருக்காரர்கள் நனைந்தாலும் பரவாயில்லை என்று வீட்டிலேயே இருப்பார்கள். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டது தருமபுரி மாவட்டத்தில்தான். இங்கே இடம் தேர்வு செய்கிறவர்கள் அதை மறந்துவிட்டு வரைபடத்தை மட்டும் பார்க்கக் கூடாது.

தகராறு வேண்டாம் என்று சாதிக்கு ஒரு முகாம் போடுவது அதைவிட மோசமான தவறு. மக்களின் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்கிறேன். தீண்டாமை மதிக்க வேண்டிய வழக்கம் இல்லை. நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் எதையும் வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 61ஆம் பிரிவில் சொல்கிறது. 2004 சுனாமிக்குப் பின் நம் கடற்கரை மாவட்டங்களில் தலித்துகளும் இருளர்களும் முகாமிலும் நிவாரணத்திலும் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. அதனால் எல்லோரும் உரிமையோடு நுழையக்கூடிய அரசு மேல்நிலைப் பள்ளி போன்ற இடத்தை மழைக்காலத்துக்கு முன்பே முடிவு செய்யணும். சமைக்கிறவர்களிலும் பரிமாறுகிறவர்களிலும் எல்லாத் தரப்பும் இருக்கணும். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு அதிகாரி நிற்பது நல்லது. சண்டை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

சாப்பாட்டு விஷயம் சுலபம். மூன்று வேளையும் சாம்பார் சாதம் என்று இல்லாமல் வயதானவர்களுக்குக் களி, வட மாநிலத்தவருக்குச் சப்பாத்தி, ரமலான் மாதமானால் விடியலுக்கு முன்பே ஒரு வேளை. ஜமாத்திடம் கேட்டால் நேரம் சொல்லிவிடுவார்கள்.

மலைக்குப் போகும் வழியை மலைவாசிகளிடம் கேட்காதது

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு 2021 தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் போயின. தேர்தலுக்குத் தெரிந்த வழி நிவாரணத்துக்கு மட்டும் ஏன் தெரியாமல் போக வேண்டும்? எந்தக் கழுதைக்காரர் வருவார், எந்தப் பாதை மழையில் சரியும், நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவர எத்தனை பேர் வேண்டும் என்பதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கைகட்டி வாங்கிக்கொள்ள வேண்டியவர்களாக மட்டும் பார்ப்பதால் இந்த அறிவு எந்தத் திட்டத்திலும் ஏறுவதில்லை.

இறந்தவர்களை அவசரமாக அப்புறப்படுத்துவது

பிணங்களால் தொற்று பரவும் என்ற பயத்தில் அடையாளம் பார்க்காமல் மொத்தமாகப் புதைத்துவிடுகிறார்கள். வெள்ளத்திலோ நிலநடுக்கத்திலோ இறந்தவர்களின் உடல்களால் பொதுவாகக் கொள்ளைநோய் வருவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. எனவே போட்டோ எடுத்து, எண் கட்டி, உறவினர் வரும்வரை வைத்திருக்கலாம். முஸ்லிம் குடும்பம் உடலைச் சீக்கிரம் கேட்கும், இன்னொரு குடும்பம் வெளியூரிலிருக்கும் மகனுக்காகக் காத்திருக்கச் சொல்லும், பீகார் தொழிலாளியின் உடல் அவர் ஊருக்கே போய்ச் சேர வேண்டியிருக்கும். ஒரு குடும்பத்துக்கு எல்லாம் போனபின் மிஞ்சும் கடைசிக் கடமை இது. அதையும் பறித்துவிட்டுக் காசோலை கொடுப்பதில் என்ன இருக்கிறது?

அட்டையும் பட்டாவும் இருந்தால்தான் ஆள்

பணம் இங்குள்ள ரேஷன் அட்டைக்கு என்றால் புலம்பெயர்ந்த தொழிலாளி வெளியே நிற்பார். வீடு பட்டாவுக்கு என்றால் தலைமுறைகளாகக் காட்டோரம் இருக்கும் இருளர் வெளியே நிற்பார். பக்கத்து வீட்டார் சாட்சி, மேஸ்திரி வைத்திருக்கும் கூலிக் கணக்கு, அங்கன்வாடிப் பதிவேடு இவற்றையும் ஆதாரமாக ஏற்க முன்கூட்டியே உத்தரவு வாங்கி வைக்கலாம்.

வீடு கட்டும்போது இன்னொன்றும் நடக்கிறது. 1993 செப்டம்பர் 30 லாத்தூர் நிலநடுக்கத்துக்குப் பிறகு மகாராஷ்டிராவில் 52 கிராமங்களை முழுக்க இடம் மாற்றினார்கள். வரிசை வரிசையாக, அகலமான தெருக்களோடு, நகரத்து மனை மாதிரி. முற்றமும் மாட்டுக்கொட்டிலும் சேர்ந்த வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அது ஒட்டவில்லை. நம் மலைகளிலும் ஒரே அளவுக் கான்கிரீட் பெட்டியைக் கொடுத்துவிட்டு, அதில் விறகு அடுக்கிவிட்டு வெளியே குடிசையில் இருக்கிறார்களே என்று அங்கலாய்ப்பதில் பயனில்லை. அஸ்திவாரம் தோண்டும் முன் அந்த வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து, அடுப்பு எந்தப் பக்கம், ஆட்டுப்பட்டி எங்கே, சாமிக்கு எந்த மூலை என்று கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அப்புறம் கான்ட்ராக்டரிடம் கொடுக்கலாம்.