பைத்தானில் சர்குலர் ரெஃபரன்ஸைப் பிடிப்பது எப்படி?

ஒரு ஆப்ஜெக்டை எத்தனை இடத்தில் பிடித்து வைத்திருக்கிறோம் என்று சிபைத்தான் (நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தான்) எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை பூஜ்யமானதும் மெமரியை விட்டுவிடும். இரண்டு ஆப்ஜெக்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் (இந்த வட்டம்தான் சர்குலர் ரெஃபரன்ஸ்) எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வரவே வராது. இந்தச் சிக்கலுக்காகவே 2000-இல் வந்த பைத்தான் 2.0-இல் இப்படிச் சிக்கியவற்றைத் தேடி அழிக்கும் கார்பேஜ் கலெக்டர் ஒன்றைத் தனியாகச் சேர்த்தார்கள்.

படி 1: புது ஃபைலில் ஜிசி (கார்பேஜ் கலெக்டரைக் கட்டுப்படுத்துவது), வீக்ரெஃப் மாட்யூல்களை இம்போர்ட் செய்யுங்கள். ஜிசியை டிஸேபிள் செய்துவிடுங்கள். இல்லையென்றால் நாம் பார்ப்பதற்குள் கலெக்டர் கூட்டிப் பெருக்கிவிடக்கூடும்.

படி 2: ‘கணு’ என்று ஒரு காலி கிளாஸ். அதிலிருந்து அப்பா, பிள்ளை என்று இரண்டு ஆப்ஜெக்டுகள். (பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம், எனக்கு மிகவும் பிடித்த வசதி.) அப்பாவுக்குள் பிள்ளையையும் பிள்ளைக்குள் அப்பாவையும் வையுங்கள். அப்புறம் அப்பாவுக்கு ஒரு வீக்ரெஃப் எடுத்து ‘சாட்சி’ என்று பெயரிடுங்கள். வீக்ரெஃப் எண்ணிக்கையைக் கூட்டாது. ஆள் இருக்கிறாரா என்று மட்டும் சொல்லும்.

படி 3: அப்பா, பிள்ளை இரண்டு பெயரையும் டெல் போட்டு நீக்குங்கள். சாட்சியைக் கூப்பிட்டால் கிடைப்பது ‘நன்’ (None, அதாவது ஒன்றுமில்லை) தானா என்று பிரிண்ட் செய்யுங்கள். ஃபால்ஸ் வரும்: அப்பா இன்னும் மெமரியில்தான். ஜிசியின் கலெக்டை ஓடவிட்டு மறுபடி கேளுங்கள். இப்போது ட்ரூ.

இதையே ஷெல்லில் (வரி வரியாக டைப் செய்து ஓட்டும் இடம்) செய்து பார்க்கும் பலர் குழம்பிப் போவார்கள். அங்கே சாட்சியை வெறுமனே கூப்பிட்டால், கடைசி விடையை ஷெல் அண்டர்ஸ்கோர் (_) என்ற பெயரில் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த விடை அப்பாவேதான்! அதனால் கலெக்ட் ஓடியும் அப்பா போகமாட்டார். ஃபைலில் எழுதச் சொன்னது இதற்காகத்தான். கலெக்ட் திருப்பித் தரும் எண்ணையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பைத்தான் பதிப்புக்குப் பதிப்பு மாறும். சாட்சியை நம்புங்கள்.

படி 4: பெரிய புரோகிராமில் வட்டம் எங்கே என்று தெரியாதே? கலெக்டுக்கு முன் ஜிசியின் டீபக்-சேவ்ஆல் (DEBUG_SAVEALL) கொடியை ஏற்றுங்கள். சிக்கியவை அழியாமல் ஜிசியின் கார்பேஜ் லிஸ்டில் சேரும். அதில் உங்கள் கிளாஸ் பெயரைத் தேடுங்கள். பார்த்து முடித்ததும் கொடியை இறக்கி லிஸ்டைக் காலி செய்யுங்கள், மறந்தால் மெமரி நிரம்பிக்கொண்டே போகும்.

படி 5: பிள்ளையிலிருந்து அப்பாவுக்குப் போகும் இணைப்பை வீக்ரெஃபாக மாற்றுங்கள். சரி, வட்டம் உடைந்தது. டெல் போட்டதுமே இருவரும் போய்விடுவார்கள். ஆனால் பிள்ளையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அப்பாவை விட்டுவிட்டால், அப்பாவைக் கேட்கும்போது ‘நன்’ தான் வரும். அதைச் சோதித்துவிட்டே பயன்படுத்துங்கள்.