கிராமபோனைத் திறப்பதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி பிஸ்கட் டப்பா மூடியில் நாலைந்து சாம்பல் நிறத் துண்டுகளோடு வந்தார். ஹெச்.எம்.வி. கிராமபோனில் முள்ளைப் பிடித்து ஒலியெழுப்பும் வட்டத் தலையான சவுண்ட்பாக்ஸின் பின்தகடு. "லேசாத்தான் திருகினேன்ணா" என்றார். இதே துண்டுகள் பல வருடங்களுக்கு முன் என் மேசையிலும் கிடந்தன. பார்த்ததும் அந்த எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது. தூசி தட்டுவது, எண்ணெய் விடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பாட் மெட்டலோடு மல்லுக்கட்டுவது

1920, 30-களில் செய்த பல பெட்டிகளில் சவுண்ட்பாக்ஸின் பின்பக்கம் துத்தநாக வார்ப்பு; இதைத்தான் பாட் மெட்டல் என்பார்கள். அன்றைய துத்தநாகத்தில் ஈயம் கலந்திருந்தால் ஈரக்காற்று பட்டுப் பட்டு உள்ளுக்குள்ளேயே அரிக்கும். மெல்ல உப்பி, பிறகு விரிசல் விடும். சுத்தமான துத்தநாகத்தில் செய்த சமாக் கலவை அமெரிக்காவில் 1929-இல்தான் வந்தது. பழைய வார்ப்பில் மேலே நிக்கல் பூச்சு மின்னும், உள்ளே அப்பளம்.

எனக்குக் கிடைத்தது ஹெச்.எம்.வி. 101 என்ற கைப்பெட்டி, சூட்கேஸ் மாதிரி தூக்கிக்கொண்டு போகும் கிராமபோன். 1925-இல் வந்த மாடல். நாலாம் நம்பர் சவுண்ட்பாக்ஸ், உள்ளே அதிர்ந்து ஒலிதரும் மைக்கா தகட்டில் ஒரு கீறல் கிடையாது. சவுண்ட்பாக்ஸைத் தாங்கும் கையான டோன்ஆர்மிலிருந்து கழல மறுத்தது. குறடு போட்டுத் திருகினேன். சடக்கென்று பின்தகடு மூன்றாகப் போனது. அந்த அதிர்ச்சியில் மைக்காவின் ஓரமும் ஏடு ஏடாகப் பிரிந்தது.

அதோடு நிற்கவில்லை. உடைந்ததைக் குப்பையில் போட்டுவிட்டு 'ஒரிஜினல்' தேடக் கிளம்பினேன். ஒரு வியாபாரி முன்பக்கப் படம் மட்டும் அனுப்பினார்; பணம் கட்டினேன். வந்ததன் பின்பக்கத்தில் முடி அளவுக்கு இரண்டு விரிசல். இன்னொருவரிடம் வாங்கியதும் அப்படியே. ஒரே உலோகம், ஒரே வயது, ஒரே நோய். கடைசியில் பித்தளையில் கடைந்துகொள்ளலாம் என்று லேத்துக்காரரிடம் போனால், "மாதிரி கொண்டாங்க" என்றார். மாதிரியைத்தான் தூக்கி எறிந்திருந்தேனே.

கழலாவிட்டால் இறுகின ஸ்க்ரூவுக்கு விடும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி காத்திருங்கள். மறுநாள் தலைமுடி உலர்த்தும் டிரையரால் இதமாகச் சூடு காட்டி, கையால் மட்டும் அசைத்துப் பாருங்கள். அசையவில்லையா, விட்டுவிடுங்கள், மாட்டிய நிலையிலேயே அது பாடும். வாங்கும்போது பின்பக்கப் படத்தைப் பகல் வெளிச்சத்தில், சாய்த்துப் பிடித்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். உடைந்த ஒரு துண்டைக்கூட எறியாதீர்கள். தம்பியின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி அளவெடுத்தாயிற்று. பித்தளை லேத்தில் இருக்கிறது. இந்த ஒரு பாகத்துக்கு மட்டும், வெடித்த ஒரிஜினலைவிடப் புதுப் பித்தளை மேல் என்பது என் கட்சி. மைக்கா, முள் பிடிக்கும் தண்டு, முன்வளையம் இவை பழசாகவே இருக்கட்டும்.

ரப்பரை அப்படியே விடுவது

மைக்காவின் இருபுறமும் உள்ள ரப்பர் வளையம் கல்லாகியிருக்கும். உரத்த சுருதியில் கரகரப்பு வந்தால் முதலில் அதைப் பாருங்கள். மெல்லிய, மிருதுவான ரப்பர் குழாய் போதும். மைக்கா எந்தப் பக்கமும் இழுபடாமல் உட்கார வேண்டும்.

குழாய்க்காகக் கைப்பெட்டியைப் பிரிப்பது

இதை ஆற்றாமையோடுதான் எழுதுகிறேன். 101-க்கு அடுத்து வந்த 102 போன்ற நல்ல கைப்பெட்டிகளின் மோட்டாரையும் சவுண்ட்பாக்ஸையும் பிடுங்கி, புது மரப்பெட்டியில் வைத்து, வெளியே விரிந்து நிற்கும் பளபளக்கும் பித்தளை ஒலிக்குழாயைச் சொருகி 'நூறு வருடத்துப் பொருள்' என்று விற்கிறார்கள். மும்பை சோர் பஜாராகட்டும், காரைக்குடி பழம்பொருள் கடைகளாகட்டும், டோன்ஆர்மைப் பாருங்கள். அந்தக் காலத்து ஹெச்.எம்.வி. குழாய்ப் பெட்டியில் அது சவுண்ட்பாக்ஸ் முனையில் ஒடுங்கி, குழாயை நோக்கி விரிந்துகொண்டே போகும். கைப்பெட்டியின் குட்டைக் கையை ஒரு வளைந்த பைப்போடு இணைத்திருந்தால், உள்ளே ஒரு நல்ல 102 செத்திருக்கிறது. உங்கள் கைப்பெட்டிக்கு உதிரி வேண்டுமா? தோல் கிழிந்த, மூடி உடைந்த இன்னொரு கைப்பெட்டியை முழுதாக வாங்குங்கள்.

ஸ்பிரிங் டப்பாவைத் திறப்பது

சாவி முழுக்க இறங்கிய பிறகும் வேண்டாம். பழகினவர் செய்யட்டும்.

ரிக்கார்டை ஸ்பிரிட்டால் துடைப்பது

அது அரக்கு. கரைந்துவிடும்.

பழைய முள்

ஓடிய முள்ளின் நுனி ஒரு பக்கத்திலேயே உளியாகத் தேய்ந்திருக்கும். ரிக்கார்டைத் திருப்பிப் போடும்போது புது முள்.